அரவமின்றி நடந்த வேட்டுவர்

காட்டினுள் ஓசையின்றி நடத்தல் எளிய செயலன்று. ஊரில் நடப்பவன் தன் காலின்கீழ்க் கிடப்பது யாதென எண்ணுவதில்லை. அவன் கருத்து முழுவதும் சேருமிடத்திலேயே நிற்கும். காட்டிலும் அவ்வாறே நடப்பானாயின், அவன் வருகின்றான் என்னுஞ் செய்தி அவனுக்கு முன்னரே காடெங்கும் பரவிவிடும். ஒரு சுள்ளி முறியும் ஓசை மானுக்குப் போதியது. மான் வெருண்டு குரல் கொடுக்கும். மரத்தின்மேலுள்ள குரங்கு அதனைக் கேட்டு மறுகுரல் கொடுக்கும். மயில் அகவிப் பறக்கும். அதன்பின் அவன் பரணில் ஏறி விடியுமளவுங் காத்திருப்பினும் வெறுங்காட்டையே காண்பான்.

கீழைத்தேய மொழிக் கல்லூரியொன்றிற் பல்லாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். குறிஞ்சித்திணைச் செய்யுள்களைப் பாடஞ் சொல்லும்போது பரண், இதணம், கழுது என்னுஞ் சொற்கள் இடையிடையே வரும். மூன்றும் உயரத்தில் அமைந்த காவலிடத்தைக் குறிப்பன. மாணாக்கர் பொருளை எழுதிக்கொள்வர். தேர்விலும் பிழையின்றி எழுதுவர். ஆயின், அவ்விடத்தை அடையும் வழி எத்தன்மையது, அவ்வழியிற் செல்பவன் எத்துணை விழிப்போடு செல்லல் வேண்டும் என்பன அகராதியிற் காணத்தக்கன அல்ல. அவற்றை விளக்குதற்கு, அவ்வழியே தம் வாழ்க்கையாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றைக் கூறுதலே தக்க உரையாகும் எனக் கருதுகின்றேன். அவர் இமயமலை அடிவாரத்துக் காடுகளில் வளர்ந்த ஜிம் கோர்பெற் ஆவர்.

அச்சம் தந்த செவி

எட்வேட் ஜேம்ஸ் கோர்பெற் என்பது அவருடைய முழுப்பெயர். 1875ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆம் நாள், இந்தியாவின் வடபாலுள்ள குமாவோன் மலைநாட்டில், நைனித்தால் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் தபாலதிபர். பிள்ளைகள் பலரைக் கொண்ட பெரிய குடும்பம் அது. ஜிம் சிறு குழந்தையாயிருக்கையிலேயே தந்தையார் இறந்தார். தாயார் கோடையில் நைனித்தாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்திலுள்ள காலாதூங்கி என்னும் சிற்றூரிலுமாகக் குடும்பத்தை நடத்திவந்தார். காலாதூங்கியில் வீட்டு வேலியைக் கடந்தாற் காடு. அக்காடே சிறுவனின் முதற் பள்ளிக்கூடமாயிற்று.

அப்பள்ளியில் அவருக்கு வாய்த்த முதலாசிரியர் அச்சம் என்றே கூறல் வேண்டும். டான்சே என்னும் ஐரிஷ்காரர் ஒருவர், மாலைவேளைகளிற் பாலமொன்றின் அருகே சிறுவர்களைக் கூட்டிப் பேய்க்கதைகள் கூறுவார். காட்டில் ஓலமிடும் பெண்பேய் ஒன்றின் கதை அவற்றுள் ஒன்று. பின்னர் ஒருநாட் காற்று வீசும் வேளையிற் காட்டினுள் அத்தகைய ஓலமே சிறுவனுக்குக் கேட்டது. முதலில் நடுங்கினான். ஆயினும், அவ்வோசை எங்கிருந்து எழுகின்றது என்று பார்த்துவிடத் துணிந்து மரத்தில் ஏறினான். காற்றில் அசைந்த இரு கிளைகள் ஒன்றோடொன்று உராய்தலே அப்பேயின் ஓலம் என்று கண்டான். அன்று தொட்டுக் காட்டில் வழக்கத்திற்கு மாறான எந்த ஓசை கேட்பினும், அதன் பிறப்பிடத்தைத் தேடிக் காணாது விடுவதில்லை என்னும் பழக்கம் அவரிடத்தே வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் உயிரைப் பன்முறை காத்தது இப்பழக்கமே.

இரண்டாம் ஆசிரியர் குன்வர் சிங். அயற்கிராமத்தவர், உரிமம் இன்றிக் களவில் வேட்டையாடுபவர் என்று பேர்பெற்றவர். சட்டத்தின் கண்ணுக்கு அவர் குற்றவாளி. ஆயின், களவில் வேட்டையாடுபவனுக்கு மான் மட்டுமன்றிக் காவலாளரும் செவிகொடுத்துக் கேட்பராதலின், அவன் இருமடங்கு அடக்கமாக நடக்கப் பழகியிருப்பான் என்பது வெளிப்படை. மரமேறுதலையும், காட்டின் வழிகளை மனத்திற் படமாக எழுதிக்கொள்ளுதலையும் குன்வர் சிங் சிறுவனுக்குக் கற்பித்தார்.

மூன்றாம் ஆசிரியர் வறுமை. முதலிற் கவண், பின்பு வில், அதன்பின் ஒரு குழல் பிளந்த பழைய இருகுழற் றுவக்கு என்னும் இவையே சிறுவனின் கருவிகள். இத்தகைய கருவியை வைத்திருப்பவன் நெடுந்தொலைவிலிருந்து குறிபார்க்க இயலாது. மிக அண்மையிற் சென்றே தீரல் வேண்டும். அண்மையிற் செல்லுதற்கு ஒரே வழி அரவமின்றிச் செல்லுதலேயாம். வெறுங்காலோடும், சில வேளைகளில் வயிற்றால் ஊர்ந்தும், காட்டுக்கோழிகளை அணுக அவர் பழகினார். ஒருமுறை அங்ஙனம் பதுங்கிச் செல்கையில், எதிரேயிருந்த புதரிலிருந்து வேங்கையொன்று எழுந்து வெளிப்போந்து, திரும்பி அவரை ஒருகணம் நோக்கிவிட்டுத் தன் வழியே போயிற்று. தன்னைத் துன்புறுத்தாதவனைக் காடு துன்புறுத்துவதில்லை என்னும் நம்பிக்கை அந்நாளில் முளைத்தது. இறுதிவரையும் அது அவரை விட்டகலவில்லை.

பரணுக்குச் செல்லும் வழி

வேட்டைக்குச் செல்வோர் பலர், பரணில் ஏறி அமர்ந்த பின்னரே வேட்டை தொடங்குவதாக எண்ணுவர். காடறிந்தவர் அங்ஙனம் எண்ணார். வீட்டுவாயிலிலிருந்து பரணின் அடிமரம் வரையுள்ள வழியிலேயே வேட்டையின் பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது.

மானின் புலன்களை நோக்குக. அதன் செவிகள் இரண்டும் தனித்தனியே திரும்ப வல்லன. முன்னும் பின்னும் எழும் ஓசைகளை ஒரேவேளையிற் கேட்கும். கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சூழ்ந்த நிலத்திற் பெரும்பகுதியைக் காணும். அசையாது நிற்பவனை அது பெரும்பாலும் ஒரு மரமென்றே கொண்டுவிடும். அசைந்தவனை உடனே கண்டுகொள்ளும். மூக்கோ இவ்விரண்டினும் கூர்மையானது. ஆதலின், மானை நோக்கிச் செல்பவன் முதலில் அறியவேண்டுவது காற்றின் திசை. காற்றுத் தன் முகத்தில் மோதும் வண்ணம் அவன் செல்லல் வேண்டும். காற்று முதுகில் வீசுமாயின், எத்துணை மெல்ல நடந்தும் பயனில்லை.

அடுத்தது அடிவைப்பு. பின்காலில் உடற்பாரத்தை நிறுத்திக்கொண்டு, முன்காலை நிலத்தில் மெல்லப் படியவைத்து, கீழே சுள்ளியோ சருகோ உள்ளதா என்று பாதத்தாலேயே தடவி அறிந்து, ஏதுமில்லையெனக் கண்ட பின்னரே பாரத்தை முன்காலுக்கு மாற்றல் வேண்டும். உளதாயின் காலை எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். தடித்த தோற்சப்பாத்தினுட் புகுந்த பாதத்திற்கு இவ்வுணர்வு இல்லை. கோர்பெற் இளமையில் வெறுங்காலோடு நடந்தார். பிற்காலத்தில் மெல்லிய றப்பர் அடியுள்ள சப்பாத்தையே அணிந்தார். சருகு மண்டிய வேனிற்காலத்தில் சாலமரக் காட்டினூடே எவராலும் ஓசையின்றி நடத்தல் அரிது. அக்காலத்தில் வறண்ட ஓடையின் மணற்படுகையும், விலங்குகள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையும், பனி நனைத்த வைகறைப்பொழுதுமே நடப்பவனுக்குத் துணை.

மூன்றாவது நடையின் தாளம். மனிதன் இரு காலால் இடையறாது, ஒரே அளவில் நடக்கின்றான். காட்டில் வேறெவ்வுயிரும் அங்ஙனம் நடப்பதில்லை. மான் நாலடி நடக்கும், நிற்கும், தலைநிமிர்ந்து கேட்கும், மீண்டும் இரண்டடி வைக்கும். ஆகவே, சருகின்மேல் தவறி ஓசையெழினும், அவ்வோசை மனிதனின் தாளத்தில் அமையாதிருத்தல் வேண்டும். சில அடி நடத்தலும், மரத்தருகே நெடிது நிற்றலுமாகச் செல்பவனை மான் பொருட்படுத்தாது விடவுங் கூடும்.

இவையெல்லாம் மான் நம்மைக் கேளாதிருத்தற்குரிய வழிகள். கோர்பெற்றின் வாழ்க்கையை நோக்குமிடத்து, இதனினும் சிறந்த பயனொன்று புலப்படுகின்றது. ஓசையோடு நடப்பவன் முதலிற் செவிடாக்குவது தன்னையே. தன் காலடியின் ஓசை அடங்கும்போதுதான், காடு பேசுவது அவனுக்குக் கேட்கத் தொடங்குகின்றது. புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல், மரையின் ஒற்றை முழக்கம், குரைக்கும் மானின் குரைப்பு, முசு எனப் பழந்தமிழர் வழங்கிய கருமுகக் குரங்கின் இருமல் போன்ற ஒலி ஆகியன வேங்கையோ சிறுத்தையோ எவ்விடத்தில், எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதை உரைப்பன. புள்ளிமானின் குரலைக் கரிச்சான் இனப் பறவையொன்று அப்படியே போலிசெய்தலும் உண்டு. இவற்றைப் பிரித்தறிதல் ஒரு மொழியைக் கற்றல் போன்றது. எழுத்தும் இலக்கணமும் இல்லாத அம்மொழியிற் கோர்பெற் பெரும்புலமை பெற்றிருந்தார். எவ்வோசை எத்திசையில் எத்தொலைவில் எழுந்தது என்று செவியினாலேயே குறித்துவிடுவார்.

கிராமத்தார் அழைத்தபோது

படிப்பு முடிந்ததும் குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுப் புகையிரதப் பகுதியில் வேலைக்கமர்ந்தார். கங்கைக்கரையிலுள்ள மொக்காமே காட் என்னும் துறையில், புகையிரதப் பெட்டிகளிலிருந்து சரக்குகளை இறக்கி ஏற்றும் ஒப்பந்தத்தை ஏற்று இருபதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். தொழிலாளரின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்குதற்கும் துணைநின்றார். ஒரே குடிலினுள் உயர்குலத்தாரும் தாழ்த்தப்பட்டாரும் உடனிருக்கலாகாதென்ற தடை எழுந்தபோது, குடிலின் சுவர்களை அகற்றிவிட்டுக் கூரையை மட்டும் நிறுத்தி அத்தடையைக் கடந்தனர். ஆசிரியராயுள்ளோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

இத்தொழிலில் இருந்த காலத்திலேதான் மலைநாட்டுக் கமக்காரரின் அழைப்பு அவரைத் தேடிவந்தது. சம்பாவத் என்னும் பகுதியிற் பெண்வேங்கையொன்று மனிதரைக் கொன்று தின்றுவந்தது. முதலில் நேபாளத்தில் இருந்து, அங்கிருந்து துரத்தப்பட்டுக் குமாவோனுள் புகுந்த அவ்வேங்கை, இருநாட்டிலுமாகக் கொன்றோர் தொகை 436 எனக் கணக்கிட்டனர். விறகும் புல்லும் சேர்க்கச் சென்ற பெண்களே இத்தகைய விலங்குகளுக்குப் பெரும்பாலும் இரையாயினர். கதவைத் திறந்து வெளிச்செல்ல அஞ்சி ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்தது. 1907இல் கோர்பெற் அதனைச் சுட்டு வீழ்த்தினார். அந்த வேட்டையில் வெற்றி தந்தது அமைதியன்று. ஊரார் பலர் திரண்டு பறையறைந்தும் ஆர்ப்பரித்தும் எழுப்பிய பேரோசையே வேங்கையை அவரிருந்த பக்கம் துரத்தியது. எங்கே அடங்கவேண்டும், எங்கே ஆர்க்கவேண்டும் என்று அறிதலும் இக்கலையின் பகுதியே. 1910இல், 400 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பனார் சிறுத்தையையும் அவர் கொன்றார்.

மனிதரைத் தின்னப் பழகிய விலங்கை அணுகுதற்கு, மானை அணுகும் இலக்கணம் செல்லாது. மான் நம்மை விட்டு ஓடுவது. இதுவோ நம்மைத் தேடி வருவது. மனிதனுக்கு மோப்ப ஆற்றல் இல்லை என்பதை வேங்கை அறியாது. ஏனைய விலங்குகளைப் போலவே அவனும் தன்னை மோப்பத்தால் அறிந்துவிடுவான் எனக் கருதி, காற்று எத்திசை நோக்கி வீசுகின்றதோ அத்திசையிலேயே அது பதுங்கியிருக்கும். இதனைக் கோர்பெற் கண்டறிந்தார். மானை நாடுவோன் போலக் காற்றை எதிர்த்தே நடந்தால், ஆபத்து முழுவதும் முதுகின்பின் வந்துவிடும். ஆதலின், காற்றுக்குக் குறுக்காக ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் மாறிமாறி நடப்பார். அங்ஙனம் நடப்பின் ஆபத்து எப்போதும் ஒருபக்கத்திலே நிற்கும். கண்ணும் செவியும் அப்பக்கத்தைக் காத்துக்கொள்ளும். காற்றின் திசையை அறிந்த ஒருவர், அவ்வறிவை வேட்டைக்கும் தற்காப்புக்குமாக இருவேறு வகையில் ஆண்ட திறத்தை இங்கே காண்கின்றோம்.

ஒரு காது கேளாத நாள்கள்

1929இல் நிகழ்ந்ததை ஈண்டு விரித்துக் கூறல் வேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில், அவர் முகத்தருகே பிறரொருவரின் துவக்கு வெடித்ததனால் இடச்செவி பழுதுற்று உள்ளே சீழ்க்கட்டி உண்டாயிற்று. தலை வீங்கி, ஒரு கண்ணும் மூடிக்கொண்டது. அந்நிலையிலேயே தல்லா தேஸ் என்னும் பகுதிக்குச் சென்றார். அங்கும் மனிதரைத் தின்னும் பெண்வேங்கையொன்று ஊராரை வருத்திக்கொண்டிருந்தது. செவியையே துணையாகக் கொண்டவர் ஒரு செவியை இழந்து நிற்கின்றார். காயமுற்ற வேங்கை அவருக்கு முன்னே காட்டில் திரிகின்றது. ஓசை எத்திசையிலிருந்து வருகின்றது என்று அறிதற்கு இரு செவியும் வேண்டும். அஃதில்லாதவர் தம் ஓசையை முற்றும் அடக்கி, எஞ்சிய ஒரு கண்ணாலும் ஒரு செவியாலும் அடியடியாகத் தேடினார். ஓரிரவு மரக்கிளையில் இருக்கையிலேயே அக்கட்டி உடைந்து துன்பம் நீங்கியது. பின்னரும் பின்தொடர்ந்து சென்று தொடங்கியதை முடித்தார். ஊதியம் எதனையும் எதிர்பாராது செய்த பணி இது.

அடுத்த ஆண்டு, 1930இல், சவ்கர் என்னும் இடத்துப் பெண்வேங்கையின் முடிவு. ஐந்தாண்டுகளில் 64 உயிர்களைக் கொண்ட விலங்கு அது. மணல் நிறைந்த ஓடையொன்றில் கோர்பெற் இறங்கிச் செல்கின்றார். வழியிற் பக்கிக்குருவியின் முட்டைகள் இரண்டைக் கண்டு, பறவை முட்டைகளைச் சேர்க்கும் ஆர்வத்தால் அவற்றை இடக்கையில் எடுத்துக்கொண்டார். வலக்கையில் துவக்கு. பெரும்பாறை ஒன்றைச் சுற்றி அரவமின்றி நடந்து கடந்தவர், தோளுக்கு மேலாகத் திரும்பி நோக்க, எட்டடித் தொலைவில், பாய்தற்கு ஆயத்தமாய்ப் படுத்திருந்தது வேங்கை. விரைந்து திரும்பினால் அது பாயும். ஒற்றைக் கையால் துவக்கை மெல்ல மெல்ல, அசைவே தோன்றாவண்ணம் சுழற்றி, வேங்கையின் மார்புக்கு நேரே கொணர்ந்து சுட்டார். முட்டைகள் உடையவில்லை. பின்பு அவற்றை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். தாய்ப்பறவையும் வந்து அடைகாக்கத் தொடங்கியது. காலிற் பழகிய அடக்கம் கையிலும் வந்து நின்றமையை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. உடல் முழுவதும் ஒருவனுடைய ஆணைக்குள் நில்லாதாயின், அக்கணத்தில் உயிர் தப்புதல் இயலாது.

மணியோசையை எதிர்நோக்கி

அவர் எதிர்கொண்டவற்றுள் மிகக் கடினமானது உருத்திரப்பிரயாகைச் சிறுத்தை. கேதாரநாதத்துக்கும் பத்ரிநாதத்துக்கும் யாத்திரிகர் செல்லும் வழியில், 1918 தொடக்கம் எட்டாண்டுகள் அது அச்சத்தை விளைத்தது. பதிவான கணக்கின்படி கொல்லப்பட்டோர் 125 பேர். இரவில் அவ்வட்டாரத்திற் கதவைத் திறப்பார் இல்லை. நஞ்சுக்கும் பொறிக்கும் தப்பிய விலங்கு அது. மனிதரின் நடமாட்டத்தை மனிதரினும் நன்கு அறிந்தது. ஓரிரவு கோர்பெற்றும் அம்மாவட்டத்து அதிகாரியான இபற்சனும் மரத்திலமைந்த இருக்கையை விட்டிறங்கிக் கிராமத்துக்கு நடந்தனர். வழியிற் கைவிளக்கும் பழுதாயிற்று. மறுநாட் காலை, தங்களைச் சிறுத்தை பின்தொடர்ந்து வந்தமைக்குரிய அடிச்சுவடுகளைக் கண்டனர். அரவமின்றி நடப்பதில் அவருக்கு நிகரான ஒருவர் அக்காட்டில் இருந்தாராயின், அவர் அச்சிறுத்தையே.

இறுதியில் கோலாப்ராய் என்னுமிடத்தில், யாத்திரிகர் தங்குமிடத்தருகே வழியோரத்து மாமரமொன்றிற் பரண் அமைத்தார். அத்தங்குமிடத்தை நடத்திய பண்டிதர், முன்னரே அச்சிறுத்தையின் வாயில் அகப்பட்டு உயிர் தப்பியவர். கழுத்தில் மணி கட்டிய ஆடொன்றைக் கீழே கட்டிவைத்துவிட்டு, பத்திரவுகள் பரணிற் காத்திருந்தார் கோர்பெற். பதினோராம் இரவு இருளில் மணி ஒலித்தது. மின்விளக்கை அழுத்தினார், சிறுத்தையின் தோள் ஒருகணம் தெரிந்தது, சுட்டார், விளக்கு அணைந்தது. 1926 மே மாதத் தொடக்கத்தில், எட்டாண்டு அச்சம் ஒரு மணியோசையோடு முடிந்தது. அங்கே பதினோரிரவும் வேட்டையை நடத்தியது அவருடைய கண்ணன்று, செவியேயாம்.

1938இல் தாக் என்னும் சிற்றூரருகே, மனிதரைத் தின்ற இறுதி வேங்கையை அவர் எதிர்கொண்டார். அப்போது வயது 63. வேங்கை தன் துணையை நாடிக் குரல் கொடுப்பதைக் கேட்டு, ஆண்வேங்கையின் குரலால் மறுமொழி கூறி, அந்திப்பொழுதில் அதனைத் தம்மிடம் வரவழைத்துச் சுட்டார். நெடுங்காலம் வாய்மூடிக் கேட்டவருக்கே அம்மொழியிற் பேசும் வன்மையும் வாய்க்கும்.

துவக்கை வைத்தபின்

உயர்ந்தோர் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்தல் வழக்கம். அது மாணாக்கருக்குச் செய்யும் நன்மையன்று. கோர்பெற் கொன்ற வேங்கைகள் யாவும் மனிதரைத் தின்றனவல்ல. 1930இன் குளிர்காலத்தில், பவால்கர் என்னுமிடத்தில் வாழ்ந்த ஆண்வேங்கையொன்றை அவர் சுட்டார். உடல் வளைவோடு அளந்தபோது 10 அடி 7 அங்குல நீளம் இருந்தது. பத்தாண்டுகளாக வேட்டைக்காரர் பலரும் விரும்பித் தேடிய பரிசு அது, எவரையும் கொன்றதன்று. அடக்கமாக நடக்கும் கலை தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. பதுங்கிச் செல்லும் பூனைக்கும் அது உண்டு. எதன்பொருட்டு ஒருவன் அடங்கி நடக்கின்றான் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கும். இவ்வேங்கையைப் பொறுத்தவரை, அந்நடையின் பொருட்டு வேட்டைப்பரிசு ஒன்றே. இதனை நான் போற்ற இயலாது.

ஆயின், அவர் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. சாம்பியன் என்னும் வனத்துறை அலுவலர் காட்டு விலங்குகளைக் கமராவினாற் படம்பிடித்து 1927இல் ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். அவருடைய பணி கோர்பெற்றின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1930களின் பிற்பகுதியில், காட்டோடையொன்றைச் சார்ந்து மறைவிடம் அமைத்து, வேங்கைகளைச் சினிமாக் கமராவினாற் படமெடுக்க முற்பட்டார். கமராவின் இரைச்சல் வேங்கைகளை வெருட்டும் என்பதற்காக, ஓடையிற் சிற்றணைகள் கட்டி நீரை வீழச்செய்து, அந்நீரோசையில் கருவியின் ஓசையை மறைத்தார். மாதக்கணக்கில் உழைத்து ஏழு வேங்கைகளை அண்மையில் வரச்செய்து படமெடுத்தார். இளமையிற் கோழியை வீழ்த்தப் பழகிய அடக்கம், முதுமையில் வேங்கையை வாழ்விக்கும் அடக்கமாயிற்று. 1936இல் அப்பகுதியில் நிறுவப்பெற்ற, இந்தியாவின் முதல் தேசிய வனப்பூங்காவிற்கும் அவர் ஊக்கந் தந்தார். அது முதலில் ஹெயிலி என்னும் ஆளுநர் பெயரால் வழங்கியது. கோர்பெற் மறைந்தபின் அவர் பெயரைப் பெற்றது.

முதலாம் உலகப்போரிற் குமாவோன் மக்கள் 500 பேரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று திரும்பியவர், இரண்டாம் உலகப்போரின்போது, கடும்நோயினின்றும் எழுந்து, எழுபதை அணுகும் வயதிற் பர்மாப் போர்முனைக்குச் செல்லும் படையினருக்குக் காட்டில் வாழவும் நடக்கவும் கற்பித்தார். தாம் வெறுங்காலோடு கற்றதை இளைஞரின் உயிர்காக்கும் பாடமாக்கினார். 1944இல் குமாவோன் ஆட்கொல்லிகளைப் பற்றிய நூல் வெளிவந்து உலகப்புகழ் எய்தியது. இந்தியாவின் ஏழை மக்களைப் பற்றிய நூல் 1952இலும், காட்டறிவு பற்றிய நூல் 1953இலும் வெளிவந்தன.

இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலே, தமக்கை மாகியோடு கென்யாவிற்குச் சென்று நியேரி என்னும் ஊரிற் குடியேறினார். 1952 பெப்ரவரி 5ஆம் நாள், அவ்வூரருகே பேரத்திமரமொன்றில் அமைந்த மரவீட்டிற்கு எலிசபெத் இளவரசியார் வந்தபோது, கோர்பெற்றும் உடனிருந்தார். யானைக்கூட்டம் நிற்கும் நீர்நிலையின் அருகாக, காட்டு வழியே ஓசையின்றி நடந்து வந்தே அம்மரத்தின் ஏணியை அடைதல் வேண்டும். விலங்கைக் கொல்லுதற்கன்றிக் கண்டு மகிழ்தற்கே அமைந்த பரண் அது. அவ்விரவிலேயே மன்னர் ஆறாம் ஜோர்ஜ் இலண்டன் மாநகருக்கப்பால் உயிர் நீத்தமையால், இளவரசியாய் ஏறியவர் அரசியாய் இறங்கினார். அந்நிகழ்ச்சியைப் பற்றிய சிறுநூலே கோர்பெற் எழுதியவற்றுள் இறுதியானது. 1955 ஏப்ரில் 19ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். நியேரியிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். 1968இல், இந்தோசீன நாட்டு வேங்கையினத்திற்கு அறிவியலார் சூட்டிய பெயரில் அவர் பெயரும் இடம்பெற்றது.

அடக்கம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. பணிவு, புலன்களை ஆளுதல், ஓசையின்மை, இறந்தாரை மண்ணுள் வைத்தல் என்பன அவற்றுட் சில. நம் மாணாக்கர் அச்சொல்லைப் பெரும்பாலும் பணிவு என்னும் ஒரு பொருளிலேயே கொள்கின்றனர். பெரியோர் முன் வாய்பொத்தி நிற்றலே அடக்கம் என்றும் எண்ணுகின்றனர். கோர்பெற்றின் நடையைப் பற்றி அவர்களுக்குக் கூறும்போது, பிறர் குரல் தன் செவியில் விழுமாறு தன்னோசையைத் தாழ்த்துதல் என்னும் பொருளையும் நான் சேர்த்தே கூறுவேன். காட்டில் இது உயிரைக் காக்கின்றது. பாடம் நடக்கும் அறையிலும், கற்றோர் கூடும் அவையிலும், ஒரு நூலை முதன்முறை விரிக்கும்போதும் வேண்டப்படுவது இதுவே. பொருளை அணுகுமுன்னரே ஆரவாரஞ் செய்பவனுக்கு நூல் வெறுங்காடாகவே கிடக்கும். மெல்ல அணுகி, நின்று, கேட்டு, அடுத்த அடியை வைப்பவனுக்கு அது தன்னைக் காட்டும்.